பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகுமா?

பொது விவாத மன்றத்தில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: பெயர் கேட்கும் கட்டத்தில் ‘மழைக்காதலன்77’ என்கிற மாதிரி ஒன்றைத் தட்டுவது, முகப்புப் படத்துக்கு ஒரு பூனையை வைப்பது, இனி நம்மை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் மேலாளரைப் பற்றியோ மூலநோயைப் பற்றியோ கடன் தொல்லையைப் பற்றியோ கொட்டித் தீர்ப்பது. தப்பே இல்லை. கொட்டித் தீர்க்க ஓர் இடம் எல்லாருக்கும் வேண்டும்தான். ஆனால் அந்த 77 உங்கள் பிறந்த வருடம் என்றால், கணக்கு தொடங்கிய நிமிடத்திலேயே ஓர் ஓட்டை விழுந்தாயிற்று.

இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை வருகிறது. ஒன்று தனியுரிமை. நீங்கள் யார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும், ஆனால் நீங்கள் பேசுவது வெளியே போகாது. மருத்துவரிடம் பேசுவது இந்த வகை. இன்னொன்று அனானியாக இருப்பது. இதில் பேச்சு ஊருக்கே கேட்கும், பேசியது யார் என்பது மட்டும் தெரியாது. பொது மன்றத்தில் முதலாவது கிடையவே கிடையாது. அங்கே எழுதுவதை யாரும் படிக்கலாம், தேடுபொறி எடுத்து வைத்துக்கொள்ளும், யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பகுதி இருந்தாலும், யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம் என்கிறபோது அந்தப் பூட்டுக்கு என்ன மதிப்பு? தனிச்செய்தி என்ற பெயரில் அனுப்புவதைக்கூடப் பெரும்பாலான மன்றங்களில் தளத்தை நடத்துபவர் நினைத்தால் எடுத்துப் படிக்க முடியும். ஆக, உங்களுக்கு மிஞ்சுவது இரண்டாவது ஒன்றுதான், அதைத்தான் கவனமாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல். புனைபெயரில் எழுதுபவர் முழு அனானி இல்லை. முழு அனானி என்றால் நேற்று எழுதியவரும் இன்று எழுதுபவரும் ஒருவரேதானா என்றுகூடச் சொல்ல முடியாது. புனைபெயரில் அப்படியில்லை, எல்லாப் பதிவுகளும் ஒரே நூலில் கோத்துக் கிடக்கின்றன. அதனால் நன்மையும் உண்டு, ‘இவர் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று ஒரு பெயர் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு பதிவில் மாட்டிக்கொண்டாலும், அதற்கு முன்னால் நான்கு வருடமாக எழுதிய அத்தனையும் உங்கள் சொந்தப் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொள்வது என்பது எப்படி நடக்கிறது? பெயர் வெளியே வந்துதான் ஆள் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உலகத்தில் 800 கோடிக்கு மேல் ஆட்கள் இருக்கிறோம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வருகிற, ஒவ்வொரு தடவையும் கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டுகிற கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போனால், எத்தனை கேள்வியில் ஒரே ஒரு ஆளிடம் வந்து நிற்கலாம்? வெறும் 33. இரண்டை 33 முறை பெருக்கினால் ஏறக்குறைய 859 கோடி வருகிறது, அவ்வளவுதான். அதிலும் நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒவ்வொரு தகவலும் பல கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடும். ஆணா பெண்ணா என்பது ஒரு கேள்விக்குச் சமம். பிறந்த தேதியும் மாதமும் எட்டுக் கேள்விக்கும் மேல், ஏனென்றால் கூட்டம் பாதியாக இல்லாமல் 365இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 10 லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னால் கிட்டத்தட்ட 13 கேள்வி முடிந்தது.

ஒரு கற்பனை உறுப்பினரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் அவர் எழுதிய நூற்றுக்கணக்கான பதிவுகளில், ஒன்றில் பல் வேர் சிகிச்சையைப் பற்றி ஒருவர் கேட்டதற்குத் தொழில் தெரிந்தவராகப் பதில் சொல்கிறார். இன்னொன்றில் இரட்டைக் குழந்தைகளை ஒரே வகுப்பில் சேர்ப்பதா, பிரித்துச் சேர்ப்பதா என்று கேட்கிறார். மூன்றாவதில் இடது முழங்காலில் தசைநார் அறுவை செய்து ஆறு வாரமாகிறது, மறுபடி ஓடலாமா என்கிறார். நான்காவதில், நேற்றைய மழையில் எங்கள் பகுதிப் பாலம் மூழ்கிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறார். தனித்தனியாகப் படித்தால் ஒன்றுமே இல்லை, நால்வர் எழுதியது மாதிரிகூட இருக்கும். ஆனால் நான்கும் ஒரே பெயரின் கீழ் இருக்கின்றன. நேற்று எந்தப் பாலம் மூழ்கியது என்பது செய்தியில் வந்திருக்கும், அதிலிருந்து ஊர் கிடைத்தது. அந்த ஊரில் பல் மருத்துவர்கள் இருநூறு பேர் என்று வைத்துக்கொண்டால், இரட்டைக் குழந்தை உள்ளவர்கள் அதில் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். அவர்களில் அண்மையில் நொண்டி நடந்தவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை, அந்த ஊரில் பல் வலி வந்த ஒருவர் போதும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் எண் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிடலாம். இதைப் படித்துவிட்டு ‘நான் பிறந்த தேதியை எங்கேயும் போடவில்லையே’ என்பவர்கள், ‘இன்றோடு எனக்கு 40 முடிகிறது, வாழ்த்துங்கள் நண்பர்களே’ என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கட்டும். பதிவின் தலையில் தேதி இருக்கிறது. நாள், மாதம், வருடம் மூன்றையும் ஒரே வரியில் கொடுத்தாயிற்று.

2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று, தன் தேடுபொறியில் சுமார் ஆறரை லட்சம் பயனர்கள் மூன்று மாதத்தில் தேடியவற்றை அப்படியே வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கோர் எண் கொடுத்திருந்தார்கள். சில நாளிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அந்த எண்களில் ஒன்றுக்குரிய மூதாட்டியின் வீட்டுக்கே போய் நின்றார்கள். அவர் தன் பெயரைத் தேடிக்கூட மாட்டவில்லை, தன் ஊரில் என்ன கிடைக்கும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்கள் யார் யார், வயதானவர்களுக்கு வரும் உபாதைகள் என்ன என்று தேடித்தான் மாட்டினார். வெளியிட்டதைக் கம்பெனி உடனே திரும்பப் பெற்றது, தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார், ஆனால் கோப்பு அதற்குள் உலகம் சுற்றிவிட்டது.

சரி, அப்படியென்றால் வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம். சொல்ல வந்த விஷயத்துக்குத் தேவையில்லாத விவரத்தை விட்டுவிடலாம், அல்லது மாற்றிவிடலாம். கால் அறுவையைப் பற்றிக் கேட்க எந்தக் கால் என்பது எதற்கு? இரட்டையரைப் பற்றிய கேள்வியை வேறொரு கணக்கில் கேட்கலாம். மகளை மகனாக்குங்கள், ஆறு வாரத்தை ‘ஒன்றிரண்டு மாதம்’ ஆக்குங்கள். மழையைப் பற்றி நாலு நாள் கழித்து எழுதினாலும் மழை மழைதான். நான் இதைப் பொய் என்று நினைக்கவில்லை, பதில் சொல்பவர் தருகிற ஆலோசனை மாறாத வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. மருந்து, சட்டம் போன்றவற்றில் மட்டும் விவரத்தை மாற்றினால் பதிலும் மாறிவிடும், அங்கே மாற்றாமல் ஒரு தடவைக்கு மட்டுமான தனிக் கணக்கைத் தொடங்கிக் கேட்டுவிட்டு விட்டுவிடுவது நல்லது.

இனி அதிகம் பேர் விழுகிற குழிக்கு வருவோம்: எல்லா இடத்திலும் ஒரே புனைபெயர். பத்து வருடத்துக்கு முன் கிரிக்கெட் தளத்தில் சொந்தப் படத்தோடு வைத்திருந்த அதே ‘மழைக்காதலன்77’ இன்று இன்னொரு மன்றத்தில் விவாகரத்து ஆலோசனை கேட்டால், இரண்டையும் இணைக்கத் தேடுபொறியில் ஒரு தட்டு போதும். சில்க் ரோடு என்ற போதைப்பொருள் கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் மாட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான். சந்தை முழுக்க, யார் எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டார் வலையமைப்பின் உள்ளே, பணமெல்லாம் பிட்காயினில், ஆள் யாரென்று பல துறைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தன. வரித்துறை அதிகாரி ஒருவர் சாதாரணக் கூகுள் தேடலில் உட்கார்ந்து, அந்தச் சந்தையைப் பற்றி இணையத்தில் முதன்முதலாகப் பேசியது யார் என்று பின்னோக்கித் தேடினார். 2011 ஜனவரியில் ‘ஆல்டாய்ட்’ என்ற பெயரில் ஒருவர் விளம்பரம் மாதிரி எழுதியிருந்தார். அதே ஆல்டாய்ட், அதே வருடம் அக்டோபரில், பிட்காயின் மன்றம் ஒன்றில் வேலைக்கு ஆள் தேவை என்று போட்டு, தொடர்புக்குச் சொந்தப் பெயரிலுள்ள ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தார். 2013 அக்டோபரில் கைது. அவர் செய்த தொழிலுக்கு மாட்டியது நல்லதுதான், ஆனால் கதையிலுள்ள பாடம் ஒழுங்காக இருப்பவருக்கும் அதே பாடம்தான். பூட்டெல்லாம் பிற்பாடு போட்டது, கதவு திறந்து கிடந்த நாளில் எழுதியது அப்படியே இருந்தது.

பெயர் மட்டுமல்ல, மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இப்படி முடிச்சுப் போடும். பல தளங்கள் உங்கள் மின்னஞ்சலைக் காட்ட மாட்டோம் என்கின்றன, அது உண்மையும்கூட, ஆனால் தளத்தில் ஓட்டை இருந்தால்? ட்விட்டரில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மின்னஞ்சலையோ எண்ணையோ கொடுத்தால் அதற்குரிய கணக்கு எது என்று சொல்லிவிடும். அதை வைத்து யாரோ 54 லட்சம் கணக்குகளின் பட்டியலைத் தயாரித்து விற்பனைக்கே விட்டார்கள். 2022 ஆகஸ்டில் இதை ஒப்புக்கொண்ட ட்விட்டர், புனைபெயரில் எழுதுபவர்கள் ஊருக்குத் தெரிந்த எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தானே சொன்னது. மன்றத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல், முடிந்தால் கைபேசி எண்ணே கொடுக்காமல் இருப்பது, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இந்த மூன்றும் ஆரம்பத்திலேயே செய்துவிட்டால் பிற்பாடு தலைவலியில்லை.

படங்கள். கைபேசியில் எடுக்கும் படத்தின் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற பெயரில் ஒரு குறிப்பு உட்கார்ந்திருக்கும்: எந்தக் கருவி, எந்த நேரம், இருப்பிடச் சேவை திறந்திருந்தால் பூமியில் எந்தப் புள்ளி என்பது வரைக்கும். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி காவல்துறை தேடும் ஆளாகத் தலைமறைவாக இருந்தபோது, கூடப் போன பத்திரிகையாளர்கள் ‘நாங்கள் அவரோடு இருக்கிறோம்’ என்று ஒரு படத்தைப் போட்டார்கள். படத்துக்குள்ளேயே குவாத்தமாலாவில் அவர் இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தது. பெரிய சமூக வலைத்தளங்கள் இன்று இந்தக் குறிப்பை வெளியிடும்போது நீக்கிவிடுகின்றன. சின்ன மன்றங்கள் எல்லாம் நீக்கும் என்று நம்ப முடியாது, மின்னஞ்சலில் அனுப்பினாலும் அப்படியே போகும். கைபேசியில் பகிரும் முன் இடத்தை நீக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

குறிப்பை நீக்கினாலும் படத்தில் தெரிவது தெரியத்தானே செய்யும்? ஜன்னலுக்கு வெளியே உள்ள கட்டடம், மேசை ஓரத்துக் கூரியர் உறை, கண்ணாடியில் விழும் பிம்பம். ஸ்கிரீன்ஷாட் இன்னும் மோசம். மேல் ஓரத்தில் கைபேசி நிறுவனத்தின் பெயர், வந்து நிற்கும் அறிவிப்பு, பக்கத்தில் திறந்து கிடக்கும் இன்னொரு தாவலின் தலைப்பு, எல்லாம் சேர்ந்து வரும். பெயரின் மேல் கறுப்புப் பேனாவால் கிறுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், கைபேசியின் பேனா பாதி ஊடுருவும் மையாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் படித்துவிடலாம். வெட்டியெடுத்தால் போதும் என்பதும் எப்போதும் சரியில்லை. கூகுள் பிக்சல் கைபேசிகளில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் கோப்புக்குள் வெட்டுப்பட்ட பகுதியின் மிச்சம் மீட்கக்கூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது 2023 மார்ச்சில் வெளியே வந்தது, அதற்குள் பல வருடப் படங்கள் இணையத்தில் போய்விட்டிருந்தன. மறைக்க வேண்டியதன் மேல் முழுக் கறுப்புப் பெட்டி வைத்து, அதை மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுவது கொஞ்சம் நிம்மதி.

அப்புறம் இணைப்புகள். சில செயலிகளில் ‘பகிர்’ பொத்தானை அழுத்தி எடுக்கும் முகவரியில், கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஒரு வால் இருக்கும். பகிர்ந்தவர் யார் என்பது அந்த வாலில் ஒளிந்திருக்கலாம், சில இடங்களில் திறந்து பார்ப்பவருக்கு உங்கள் பெயரையே காட்டிவிடும். வாலை வெட்டிவிட்டு ஒட்டுங்கள், இணைப்பு பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். கூகுள் டாக்ஸ் கோப்பைப் பகிர்ந்தால் உரிமையாளர் யார் என்பதும் கூடவே போகிறது.

ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண்ணைப் பற்றி அதிகம் பயம் உண்டு, அதற்குத் தகுந்த புரிதல்தான் இல்லை. நீங்கள் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஐபி தளத்துக்குத் தெரியும். அதை வைத்து மற்ற உறுப்பினர்கள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட முடியாது, அவர்களுக்கு அது காட்டப்படுவதே பெரும்பாலும் இல்லை, அட்மின் பார்த்தாலும் கிடைப்பது ஏறக்குறைய எந்த ஊர், எந்த இணைய நிறுவனம் என்பதுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த ஐபி யாருடைய வீட்டுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியும், நீதிமன்றமோ காவல்துறையோ முறைப்படி கேட்டால் சொல்லும். விபிஎன் என்பது உங்கள் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றிவிடும் சேவை. அதைப் போட்டால் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது, அதற்குப் பதிலாக உங்கள் ஐபியும் நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் விபிஎன்காரருக்குத் தெரியும். நம்பிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். உலாவியின் மறைநிலை வசதி இதில் எதையுமே செய்யாது, உங்கள் கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அதோடு சரி.

டார் மூன்று இடைக்கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால், யார், எங்கே போகிறார் என்ற இரண்டும் ஒரே கைக்குக் கிடைப்பதில்லை. நல்ல கருவிதான். ஆனால் 2013 டிசம்பரில் ஹார்வர்டில், தேர்வைத் தவிர்க்க வெடிகுண்டுப் புரளி மின்னஞ்சல் அனுப்பிய மாணவர் டார் வழியாகத்தான் அனுப்பினார். அஞ்சல் டார் வழியாக வந்தது என்று தெரிந்ததும், அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டார் பயன்படுத்தியது யார் யார் என்று பார்த்தார்கள், கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார். கூட்டம் இல்லாத இடத்தில் முகமூடி போட்டால் முகமூடியே அடையாளம்.

எழுத்து நடையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் பல வருடம் அஞ்சலில் வெடிகுண்டு அனுப்பிக்கொண்டிருந்த டெட் கசின்ஸ்கியின் 35,000 சொல் அறிக்கை 1995இல் நாளிதழில் வந்தபோது, நடையை அடையாளம் கண்டது கணினி இல்லை, அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். இன்று இந்த ஒப்பீட்டை நிரல்களும் செய்கின்றன, இருந்தாலும் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மனிதர்கள்தான். ஒற்றெழுத்தை எங்கே விடுவீர்கள், மூன்று புள்ளி எத்தனை தடவை வைப்பீர்கள், எந்த வட்டாரச் சொல் தன்னையறியாமல் வந்து விழும், இதெல்லாம் முன்பின் தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. கூட வேலை பார்ப்பவருக்கு, தினமும் உங்கள் வாட்ஸப் செய்தி படிப்பவருக்கு, இரண்டு பத்தி போதும். நீங்கள் எழுதும் நேரமும் இப்படித்தான். ஒரு வருடப் பதிவுகளை மணிவாரியாக அடுக்கினால் எந்த ஆறு மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதும், அதிலிருந்து எந்த நேர மண்டலம் என்பதும் வந்துவிடும்.

அதனால்தான் யாரிடமிருந்து மறைகிறீர்கள் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். அலுவலகத்தில் உள்ளவர்களிடமிருந்து என்றால் விபிஎன்னால் ஒரு பயனும் இல்லை, நீங்கள் சொல்லும் சம்பவங்கள்தான் ஆபத்து. சண்டை போட்டுவிட்டு உங்களைத் தேடித் துரத்தும் ஒரு முகம் தெரியாத ஆளிடமிருந்து என்றால் பழைய புனைபெயர்களும் படங்களும்தான் ஆபத்து. தளத்தை நடத்துபவரிடமிருந்து என்றால் மின்னஞ்சலும் ஐபியும். ஓர் அரசிடமிருந்து என்றால் இந்த ஆரம்பப் பாடம் போதாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் போங்கள்.

‘எல்லாரும் உண்மைப் பெயரில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் இணையம் சுத்தமாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. தென்கொரியா 2007இல் பெரிய தளங்களுக்கு அப்படித்தான் போட்டது, பின்னூட்டம் எழுத வேண்டுமென்றால் அடையாள எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். 2011இல் ஒரு நிறுவனத்தின் இரண்டு தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரம் திருடு போனது, 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. கொடுக்காத தகவலை யாராலும் திருட முடியாது.

அழித்துவிட்டால்? அழிக்கலாம், ஆனால் மற்றவர் மேற்கோள் காட்டியதில் இருக்கும், மின்னஞ்சல் அறிவிப்பாகப் போனதில் இருக்கும், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் பிரதி எடுத்திருந்தால் அதிலும் இருக்கும். 1980களில் யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களில் எழுதியவர்கள் சில வாரத்தில் காணாமல் போய்விடும் என்று நினைத்துத்தான் எழுதினார்கள். 2001 டிசம்பரில் கூகுள் 1981 முதலான 70 கோடிப் பதிவுகளைத் தேடும் வசதியோடு திறந்துவிட்டது. கணக்கை மூடும்போது பதிவுகளும் போகின்றனவா, பெயர் மட்டும் மாறிப் பதிவுகள் நிற்கின்றனவா என்பது தளத்துக்குத் தளம் மாறும், எழுதத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

யாராவது ‘நீ இன்னார்தானே?’ என்று பொதுவில் கேட்டுவிட்டால் பதறி மறுக்கவும் வேண்டாம், உடனே எல்லாவற்றையும் அழித்துக் காட்டவும் வேண்டாம், இரண்டும் ‘ஆம்’ என்று சொல்வதற்குச் சமம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மட்டுறுத்துநரிடம் அந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மன்றங்களில் அடுத்தவர் அடையாளத்தை அம்பலப்படுத்துவது தடை செய்யப்பட்டது. பழைய பதிவுகளைப் பிறகு, நாட்கள் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அக்காவின் விவாகரத்து, நண்பனின் குடிப்பழக்கம், அலுவலகத் தோழியின் கருச்சிதைவு என்று நாம் அனானியாக எழுதும் பலவும் நம்முடைய கதையே இல்லை. நாம் மாட்டினால் அவர்களும் கூடவே மாட்டுவார்கள், அவர்களுக்குப் புனைபெயர்கூடக் கிடையாது. அப்படிப்பட்டதை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கணக்கில், உறவுமுறையை மாற்றி எழுதுங்கள்.